சம்பந்தக்காரர்களுக்கு மும்பை காட்டிய நாள்

என் சித்தப்பாவின் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்து இறங்கினார்கள். இருபத்தைந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தாதர் ஸ்டேஷனில் இறங்கியது இருபத்தாறு பேர். அந்த இருபத்தாறாவது ஆள் யாரென்று அன்றைக்கு ஒருவரும் பெரிதாக விசாரிக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அவர் மதுரைக்காரர். பாண்டுப்பில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தவர். ரயிலில் பெண் வீட்டாரின் பெட்டியில் இடம் கிடைத்து, அவர்களுடைய இட்லியைத் தின்று, அவர்களோடு சீட்டாடி, புனே வருவதற்குள் பெண்ணின் பெரியப்பாவுக்கு உயிர் நண்பராகிவிட்டார். தம்பி வீட்டுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், கல்யாணம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பெரியப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். பெண்ணுக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம்.

கல்யாணம் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கத்து ஹாலில். வந்தவர்களும் அந்த ஹாலின் மாடியில்தான் தங்கினார்கள். பின்னால் இருந்த சந்தில் எங்கள் வீடு. ஒரே அறை, மேலே ஒரு பரண். அப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவர் மகள் எனக்கு அப்போது ஒன்பது வயது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தக்காரர்களுக்கு மும்பையைச் சுற்றிக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதே வாக்கை அம்மாவுக்கும் கொடுத்திருந்தார். அம்மா கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவள் பார்த்த மும்பை என்பது சயான் ஆஸ்பத்திரி, தாதர் மார்க்கெட், மாதுங்காவில் ஒரு கோயில், அப்புறம் பட்டறை. சின்ன வயதில் திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது கடலில் நின்றிருக்கிறாளாம். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் வந்து வாழ்ந்தும் அதற்கப்புறம் அவள் கடலில் கால் வைத்ததில்லை. எப்போது கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. தம்பி கல்யாணத்துக்கு பஸ் வைப்போம், அப்போது எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அந்த பஸ் வந்தது. இருபத்தெட்டு சீட். விருந்தாளிகள் இருபத்தைந்து, அப்பா, அம்மா, நான். அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டுத்தான் அந்த பஸ்ஸைப் பேசியிருந்தார்.

அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து எல்லாருக்கும் புளியோதரையும் தயிர்ச்சோறும் கிளறி முடித்தாள். குளித்து, தீபாவளிக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அவளும் பக்கத்தில் நானும் உட்கார்ந்தோம். அம்மா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி, அது எவ்வளவு தூரம் திறக்கிறது என்று பார்த்தாள்.

மதுரைக்காரர் கடைசியாக ஏறினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா தன் சீட்டிலிருந்து எழுந்து, "நீங்க இருங்க அண்ணாச்சி, நான் நின்னுக்கிடுதேன்" என்றார். சொன்னது அவரிடம். பார்த்தது அப்பாவை.

சம்பந்தக்காரர் நின்றுகொண்டு வருவதா? அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. பஸ் முழுவதும் ஒரு தடவை பார்த்தார். கடைசியில் அவர் கண் அம்மாவிடம் வந்து நின்றது.

"நீ இங்கனதான இருக்க. எப்ப வேணும்னாலும் பாத்துக்கிடலாம்லா."

நான் அம்மா மடியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். யார் காதிலும் விழவில்லை. அதற்குள் அம்மாவே எழுந்துவிட்டாள். ஹால் சாவி என்னிடம்தான் இருக்கிறது, சாயங்காலம் எல்லாரும் வரும்போது காப்பி போட ஆள் வேண்டாமா, எனக்கும் பஸ்ஸில் போனால் தலை சுற்றும் என்று காரணங்களை அவளே அடுக்கிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குத் தலை சுற்றி நான் பார்த்ததே கிடையாது. மதுரைக்காரர் "வேணாம்மா, வேணாம்மா" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரே கண்ணாடியை முழுசாகத் திறந்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயிற்றில் பத்து மாதம் சுமந்து பெற்றவளை இறக்கிவிட்டு, ரயிலில் சீட்டாடிய ஆளை உட்கார வைத்துக்கொண்டு பஸ் கிளம்புகிறது. ஒருவருக்கும் வாய் இல்லை. சாலையோரத்தில் அம்மா கையை அசைத்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்திலேயே நான் ஒரு சபதம் எடுத்தேன். அம்மா பார்க்காத எதையும் நானும் பார்ப்பதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஆகவே, அன்று சம்பந்தக்காரர்கள் பார்த்த மும்பையைப் பற்றி எனக்குக் காதால் கேட்ட விவரம் மட்டும்தான் தெரியும். பாந்த்ராவில் ஒரு இந்தி நடிகர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றார்கள். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து நாய் குரைத்தது. அந்த நாய்க்கு என்ன வயது இருக்கும் என்று பெரியப்பாவும் மதுரைக்காரரும் தர்க்கம் செய்தார்கள். பிறகு கடல்மேல் கட்டிய பாலத்தில் பஸ் போனது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பெண்கள் ஓவென்று கூவினார்கள். இமைக்குள் வெளிச்சம் சிவப்பாக வந்து வந்து போனது. நான் திறக்கவில்லை. மலையின் மேல் இருக்கும் தோட்டத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும் கண்ணைத் திறந்தேன். புளியோதரை அம்மா பார்த்த பொருள்தானே. தூக்குச்சட்டியை மட்டும் பார்த்துத் தின்றுவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டேன்.

பிள்ளைக்குக் கண்வலி போலிருக்கிறது என்று பெண்ணின் அத்தை ஒருத்தி பரிதாபப்பட்டு, தன் முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அப்பா ஒரு தடவை என்னிடம் வந்து குனிந்து, "மானத்த வாங்காத, கண்ணத் திற" என்றார். நான் இன்னும் இறுக்கி மூடினேன்.

கேட்வே ஆஃப் இந்தியாவில்தான் காரியம் கெட்டது. லாஞ்சில் ஏறிக் கடலுக்குள் ஒரு சுற்று போய்வருவதாக ஏற்பாடு. கூட்டத்தில் யாரோ இடித்ததில் அத்தையின் முந்தானை என் கையிலிருந்து நழுவியது. கையால் துழாவி மறுபடியும் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே நடந்தேன். அது யாரோ ஒரு குஜராத்திப் பெண்ணின் துப்பட்டா. அவள் திரும்பிப் பார்த்து அலறியபோதுதான் கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் முன்பின் தெரியாத முகங்கள். புறாக்கள். போட்டோ எடுக்கிறவர்கள் கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு ஓடினார்கள். கடலை அப்போதும் நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதேன்.

என்னைக் கண்டுபிடித்தது மதுரைக்காரர். அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது. வேறு யார் கண்டுபிடித்திருந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பேன். அவர் நீட்டிய கையை நான் தொடவில்லை. அவருக்கு நாலடி பின்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்தேன். அவர் சட்டை முழுவதும் வியர்த்து நனைந்திருந்தது.

பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பொழுது விடிந்தால் கல்யாணம், முதல் நாள் பிள்ளை தொலைவதாவது, இது நல்ல சகுனமில்லை என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். லாஞ்ச் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஹாலுக்குப் போவோம் என்றார். ஏழு மணிக்குத் திரும்ப வேண்டிய பஸ் நாலரை மணிக்கே தாராவிக்கு வந்துவிட்டது.

ஹால் பூட்டியிருந்தது.

அப்பா சந்துக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வீடும் பூட்டியிருந்தது. அம்மாவின் போனுக்கு அடித்தார். அது வீட்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், மத்தியானம் கிளம்பிப் போனாளே என்றார்கள். எங்கே என்று தெரியவில்லை. திரும்பி வந்தால், நடுரோட்டு வெயிலில் இருபத்தைந்து விருந்தாளிகளும் மதுரைக்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவசரமாகப் போக வேண்டிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தவித்தார்கள். பெரியப்பா பூட்டைக் கையால் தூக்கிப் பார்த்து, தொப்பென்று விட்டார்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு வந்தவங்கள ரோட்ல நிறுத்துததில்ல" என்றார். அப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அப்படிக் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை.

அரை மணி கழித்து அம்மா வந்தாள். அதே கத்தரிப்பூச் சேலை. கையில் பெரிய பை நிறையச் செவ்வந்தியும் மல்லிகையும். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டாள். அப்புறம் வேகமாக வந்து, மாலைக்குச் சொன்ன ஆள் பூப் பத்தாது என்றான், அதனால் தாதருக்குப் போய் வாங்கி வந்தேன், நீங்கள் ஏழு மணிக்கல்லவா வருவதாக இருந்தது என்றாள். அப்பாவுக்கு மூச்சு வந்தது. பூ கண்ணெதிரே இருந்தது. பெரியப்பாவும் குனிந்து பையைப் பார்த்தார். மல்லிகை நல்ல மல்லிகையாக இருந்தது. அவர் முகமும் இளகியது. சரி, கல்யாண வேலையாகத்தானே போயிருக்கிறாள் என்றார். அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் அங்கே இல்லாதிருந்தால் முடிந்திருக்கும்.

அத்தனை பேரில் குள்ளம் நான்தான். என் கண்ணுக்கு நேராக அம்மாவின் சேலைக்கரை இருந்தது. ஒரு சாண் உயரத்துக்கு அது நனைந்து கறுத்திருந்தது. செருப்பு வாரிலும் கால் விரல் இடுக்கிலும் மணல் ஒட்டியிருந்தது. தாதர் பூ மார்க்கெட்டிலிருந்து நேராக நடந்தால் கடற்கரை வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஸ்கூலில் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

நாள் முழுக்க இவளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். தொலைந்து போனேன். ஊரே ஏசியது. இவளானால் என்னை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நீ கடலுக்குப் போயிருக்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "எனக்குத் தெரியும். சேல நனைஞ்சிருக்கு."

எல்லார் கண்ணும் அம்மாவின் காலுக்குப் போனது. பூட்டில் நுழைத்த சாவியை அவள் திருப்பவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுக்கு மூத்த மருமவ, கல்யாணத்துக்கு மொத நாளு" என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் விட்டார். மதுரைக்காரர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். அங்கிருந்தவர்களில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அப்பா அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"யாரு கூடப் போன?"

"யாரு கூடவும் இல்ல. பூ வாங்கினேன். நேரம் இருந்துது. ஒத்தையிலதான் போனேன்."

ஒற்றையில் யாராவது கடலுக்குப் போவார்களா? நான் நம்பவில்லை. அப்பாவின் தங்கை மகளை, என் வயதுக்காரியை, அவளைத்தான் கூட்டிப் போயிருப்பாள் என்று எனக்குள் ஒரு சந்தேகம் கொதித்தது. அம்மாவுக்கு எப்போதும் அவள் மேல் ஒரு பிரியம்.

"பொய் சொல்லுத" என்றேன். "யாரயோ கூட்டிட்டுப் போயிருக்க. யாரும்மா அது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தாள். பெண்களெல்லாம் அவளை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய், சேலையை மாற்றாமலேயே இருபத்தாறு பேருக்குக் காப்பி போட்டாள்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. பெரியப்பா போகும்போது எல்லாரிடமும் நன்றாகச் சொல்லிக்கொண்டுதான் போனார். ஆனால் அதற்குப் பிறகு தாதருக்குப் போவதென்றால் அப்பாதான் போனார், அல்லது சித்தப்பா. அம்மா எங்காவது கிளம்பினால், "யாரு கூட?" என்ற கேள்வி வீட்டில் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் அவள் கிளம்புவதையே நிறுத்திக்கொண்டாள்.

எனக்குப் பத்தொன்பது வயதில், வாஷியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரயிலைத் தவறவிட்டுத் தாமதமாக வந்த ஒரு நாள், அப்பா அதே மாதிரி சத்தமில்லாமல் "யாரு கூட?" என்ற அதே கேள்வியை என்னிடம் கேட்டார். அன்றைக்குத்தான் ஹால் வாசலில் அவர் எதைச் சந்தேகப்பட்டுக் கேட்டார் என்பது எனக்கு விளங்கியது. அதுவரை அவரும் நானும் ஒன்றையே கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் காதிலும் என் கேள்வி அவர் கேள்வியாகத்தான் விழுந்திருக்கும், அத்தனை பேருக்கு முன்னால், பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து.

ஒன்பது வயதில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் தாலி கட்டி முடிகிற வரைக்கும் நான் அம்மாவோடு பேசவில்லை. அநியாயம் நடந்திருப்பது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.