டோக்கியோ சந்தில் வந்த கிளாஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஏப்ரல் மாதம் டோக்கியோவில் நடந்தது இது. நான் இருப்பது கலிபோர்னியாவில், பிளசன்டனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் ஓட்டலில் சமையல் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்புறம் கப்பலில் சமையல், கொஞ்ச காலம் துபாய், கொஞ்ச காலம் ஹூஸ்டன். ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது.

கிரீன் கார்டு வந்ததும் ஊருக்குக் கிளம்பினேன். எங்கள் ஓட்டலில் வழக்கமாகச் சாப்பிடும் சென்னைத் தம்பி ஒருவனும் அதே வாரம் கிளம்பினான். ஐ.டி. வேலை. டிக்கெட் போட்டது அவன்தான்.

"அண்ணே, டோக்கியோல ஒரு நைட் ஸ்டாப் வச்சிருக்கேன். ரூம்ல படுத்துத் தூங்கினீங்க, உங்கள அங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றான்.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தின வருடம் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடியை விட்டேன். அதோடு, நாலு பேர் குடிக்க உட்காரும் இடத்துக்குப் போவதையும் விட்டேன். ஓட்டலை மூடிய பிறகு கூட வேலை பார்ப்பவர்கள் வட்டமாக உட்காருவார்கள். நான் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவேன். தம்பிக்கு இதெல்லாம் தெரியும். சும்மா வேடிக்கை பார்க்க வாங்க என்று இழுத்துக்கொண்டு போனான்.

ஷின்ஜுகு என்ற பகுதி. ராத்திரி என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு வெளிச்சம். ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிக்கு ஒரு கடை. எந்த லிப்டில் ஏறினால் எங்கே போகும் என்று புரியவில்லை. ஒன்றில் ஏறினோம். கதவு திறந்தால் நேராக ஒருவர் மைக் பிடித்துப் பாடும் அறைக்குள் நிற்கிறோம். அவர் பாட்டை நிறுத்தாமல் எங்களுக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். நாங்களும் வைத்துவிட்டு அதே லிப்டில் இறங்கினோம்.

கடைசியில் ஒரு குறுகிய சந்து. அலமாரி மாதிரி சின்னச் சின்னக் கடைகள். ஒன்றில் நுழைந்தோம். மொத்தமே ஏழெட்டு நாற்காலிதான். தலையில் துண்டு கட்டிய கடைக்காரர் கரி அடுப்பில் கோழியைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் கேட்காமலே ஆளுக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த கீரை வந்தது.

"நாம கேக்கலையேடா?"

"எல்லாருக்கும் வைப்பாங்க போலண்ணே, பேசாம சாப்பிடுங்க."

தம்பி பீர் சொன்னான். நான் சாராயம் வேண்டாம் என்று இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். கடைக்காரர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துத் தம்பிக்கு வீட்டிலிருந்து போன். வெளியே போய்விட்டான்.

கடைக்காரர் ஒரு ஜக்கிலிருந்து ஊற்றிய கிளாஸ் என் முன்னால் வந்தது. பழுப்பு நிறம், மேலே ஐஸ். அதே ஜக்கிலிருந்து பக்கத்து ஆளுக்கும் ஊற்றினார். அந்த ஆளுக்கு அறுபது வயதிருக்கும். கழுத்து டையைத் தூக்கித் தோளில் போட்டிருந்தார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. மேசையைத் தட்டித் தட்டி ஏதோ கதை சொல்ல, கடையே சிரித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்த ஜக்கில் என்ன இருக்கும்? முகர்ந்து பார்த்தேன். கரிப்புகையில் என் மூக்கு வேலை செய்யவில்லை.

அவர் என் பக்கம் திரும்பிக் கிளாஸை உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். யாரும் குடிக்கவில்லை, எனக்காகக் காத்திருந்தார்கள். குடித்தால் உடம்பு போச்சு. குடிக்காவிட்டால் இத்தனை பேர் முகத்தில் அடித்த மாதிரி. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். சிரிப்பு நின்றது. கடைக்காரர் கிளாஸ் அழுக்கு என்று நினைத்தாரோ என்னவோ, அதைக் கொட்டிவிட்டு வேறு கிளாஸைக் கழுவித் துடைத்து, அதே ஜக்கிலிருந்து மறுபடி ஊற்றி வைத்தார்! எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தபோது தம்பி வந்தான்.

"என்னண்ணே, எல்லாரும் உங்களையே பாக்குறாங்க?"

"மொதல்ல இது என்னன்னு குடிச்சுப் பாருடா."

ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான். "டீண்ணே. பாலு, சக்கரை ஒண்ணும் இல்லாத பச்சத் தண்ணி டீ."

"அப்ப அந்த ஆளு குடிக்கிறது?"

"அதே ஜக்குன்னா அதுவும் டீதானே?"

"டேய், அவரு பண்ற அலப்பறையப் பாத்தியா? டீ குடிச்சவன் பண்றதா அது?"

தம்பி அதைத் தன் போனில் இங்கிலீஷில் கேட்க, அது அந்த ஆளிடம் ஜப்பானிய மொழியில் சொன்னது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டி, என்னை மாதிரியே கைகளைக் குறுக்கே வைத்தார். நானும் என் விலாவைத் தட்டிக் காட்டினேன். உடனே கடைக்காரரிடம் ஜக்கை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, என் கிளாஸை அவரே நிரப்பினார். முகம் சிவந்தது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததால் என்று அப்போதுதான் உறைத்தது.

குடிக்காமலே எப்படி இவ்வளவு சந்தோஷம் என்று கேட்கச் சொன்னேன். கேள்வியே புரியாதவர் மாதிரி விழித்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னடா சொல்றாரு?"

"'இன்னைக்கு வேலை முடிஞ்சிருச்சு'ன்னு சொல்றாருண்ணே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்ணே."

கடைசி ரயில் நேரம் வரை உட்கார்ந்திருந்தோம். அவர் கதைகளில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தேன். நான் கப்பலில் சாம்பார் அண்டா கவிழ்ந்த கதையைத் தமிழில் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. வெளியே வந்ததும் தம்பி என் தோளைப் பிடித்து, "அண்ணே, பீர் குடிச்சவன் நான். நீங்க ஏன் இப்படித் தள்ளாடி நடக்குறீங்க?" என்றான்.

டாக்டர் என்னை நிறுத்தச் சொன்னது குடியை மட்டும்தான். மனிதர்களோடு உட்காருவதையும் சேர்த்து நிறுத்தச் சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.