அறுபதில் போன வால்புர்கா

தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஆல்காவ் மலைப்பக்கத்தில் வால்புர்கா ஸ்டீலே அளவுக்குத் திட்டு வாங்கிய பால் லாரி ஓட்டுநர் கிடையாது. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் கனரக லாரி மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது; அவரும் அறுபதிலேயே போனார்.

பின்னால் கார்கள் சேர்ந்துவிடும். அதில் பல் மருத்துவர் இருப்பார், பாலர் பள்ளி ஆசிரியை இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்ன அதே கை, திங்கட்கிழமை கார் ஜன்னல் வழியே நடுவிரலை நீட்டும். வால்புர்காவுக்குப் பாதிப் பேரைப் பெயரோடு தெரியும். பதிலுக்கு ஹாரன்கூட அடிக்க மாட்டார். ஒதுங்க இடம் கிடைத்தால் ஒதுங்கி, எல்லோரையும் போகவிடுவார். நன்றி சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

பால்பண்ணையில் எங்களோடு லாரி ஓட்டிய கொர்பீனியனுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. அவனுக்குச் சாலை என்பது மானப் பிரச்சினை. ஒருநாள் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"புர்கி அத்தை, நேத்து ஒரு நத்தை உங்களை முந்திப் போச்சாமே?"

"ஆமாடா, வழி விட்டேன். பாசத்துல இல்ல. முன்னாடி போயிட்டா அது வேற யாரோ ஒருத்தரோட தலைவலி," என்றார் வால்புர்கா, ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்டோபர் கடைசியில், என் லாரி பட்டறையில் கிடந்ததால் கொர்பீனியனின் லாரியில் ஏறிப் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கறுப்புக் கார். அதற்கு முன்னால் வால்புர்காவின் லாரி. கறுப்புக் கார்க்காரர் அவர் லாரியின் வாலில் ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்தார், ஹாரனை அழுத்தினார், பிறகு வளைவு என்றும் பாராமல் முந்துவதற்கு எதிர்த் தடத்தில் ஏறினார். எதிரே சாண வண்டியை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர்.

வால்புர்கா அதை முன்பே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கார் பக்கத்தில் வருவதற்குள் அவர் லாரி வேகம் தளர்ந்து, முன்னால் இடம் திறந்துவிட்டது. கார் அந்த இடத்துக்குள் நுழைந்து தப்பியது. தப்பியவர் என்ன செய்ய வேண்டும்? தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இவரோ லாரிக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று பிரேக்கை மிதித்தார். ஒரு முறை, மறுபடியும் ஒரு முறை.

டாங்கி பாதிதான் நிரம்பியிருந்தது. சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருக்கிற பால் முன்னால் பாய்ந்து லாரியையே தள்ளும். வால்புர்கா பிரேக்கை விட்டு விட்டு மெதுவாக மிதித்தார். இடைவெளி குறையவே இல்லை. இடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை என்பதுதான் அந்த ஆளுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. காரைச் சாலையில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி வந்து லாரிக் கதவைக் குத்தினார்.

வால்புர்கா கதவைப் பூட்டினார். கண்ணாடியை ஏற்றினார். போலீசைக் கூப்பிட்டு இடத்தையும் கார் எண்ணையும் சொன்னார். பிறகு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கொர்பீனியனுக்குப் பொறுக்குமா? நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. "அத்தையை ஒருத்தன் மிரட்டுறான், நான் வேடிக்கை பார்க்கவா?" என்று குதித்து ஓடினான். காலையெல்லாம் அவன்தான் அத்தையைக் கிண்டலடித்துக்கொண்டு வந்தான். இருவரும் கட்டிப் புரண்டு, புதுச் சாணம் தெளித்த வயலில் விழுந்தார்கள். போலீஸ் வந்தபோது யார் யார் என்று பிரித்துச் சொல்வதே கஷ்டமாக இருந்தது.

வழக்கு நடந்தது. அப்படி என்ன அவசரம் என்று நீதிபதி கறுப்புக் கார்க்காரரைக் கேட்டார். குளிர்காலம் வருகிறதல்லவா, பாதுகாப்புக்காகப் பனி டயர் மாற்றப் போனாராம். நீதிபதி அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வால்புர்காவிடம் பயந்தீர்களா என்று கேட்டபோது அவர் நேராகவே சொன்னார்:

"பயந்தேன். அதனாலதான் கதவைப் பூட்டினேன். பயப்படாதவங்க ரெண்டு பேரும் வயல்ல கிடந்தாங்க."

கார்க்காரருடைய ஓட்டுநர் உரிமம் பல மாதங்களுக்குப் பறிபோனது. கொர்பீனியனுக்கு அபராதம், சுண்டுவிரலும் முறிந்ததால் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. அத்தையைக் காப்பாற்றச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவில்லை என்று அவனுக்கு ஆறுதலாகச் சொன்னேன். அவன் போய் எடுக்க வேண்டிய பண்ணைகளின் பாலையும் அந்தக் குளிர்காலம் முழுக்க வால்புர்காதான் ஏற்றி வந்தார்.

பின்னால் கார்கள் சேர்ந்தன. பல் மருத்துவர் விளக்கடித்தார். வால்புர்கா ஒதுங்க இடம் தேடினார்.