வாசக்காலுக்குப் போன ராஜா

என்னிடம் பிரான்ஸ் தேசத்து ராஜாக்களின் பழைய வெள்ளிக் காசுகள் கொஞ்சம் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை பார்த்தபோது, கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த பிரான்ஸ்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது முதல் காசைக் கொடுத்தார். அதிலிருந்து பிடித்த ஆசை. பெங்களூரில் காசுக் கண்காட்சி நடந்தால் மகனோடு பஸ் ஏறிவிடுவேன். விலை கேட்க எனக்கு வாய் வராது. விரலால் காட்டுவேன், மகன் பேசுவான்.

படித்தது அஞ்சாவது வரைதான். காசில் உள்ள எழுத்து எதுவும் தெரியாது. ஒன்றில் மட்டும் எழுத்துகளுக்கு நடுவே பொடியாக ஒரு மாடு இருக்கும். காசை அடித்த ஊரின் அடையாளமாம். எனக்கு அதுதான் உசத்தி.

போன தையில், தளி ரோட்டில் மகன் கட்டும் வீட்டுக்கு வாசக்கால் வைத்தார்கள். அதற்கு அடியில் நவதானியமும் வெள்ளியும் போடுவது எங்கள் வழக்கம். நான் ஆட்டோவில் போய் இறங்கியபோது வாசக்காலை நிறுத்திவிட்டிருந்தார்கள். அடியில் சிமெண்டும் பூசியாகிவிட்டது.

"அத்தே, வெள்ளிக்காசு வாங்க மறந்தே போச்சு. நல்லவேளை, உங்க டப்பாவுல இருந்துச்சு" என்றாள் மருமகள்.

"எதை எடுத்தே?"

"மாடு போட்டது. லட்சணமா இருந்துச்சு."

சம்பந்தி வீட்டார் எல்லாரும் நிற்கிறார்கள். வைத்த வாசக்காலைப் பெயர்க்கச் சொல்ல முடியுமா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏம்மா அழுவறீங்க?" என்றார் மேஸ்திரி.

"அந்தக் காசு..." வாசக்காலின் அடியை விரலால் காட்டினேன்.

"அதுக்கா? அந்த அம்மாவைக் காலடியில போடுவனா நானு? அடியில என் பையில இருந்த அஞ்சு ரூபாயைப் போட்டுட்டேன். அம்மாவை மேல கட்டியிருக்கேன், பாருங்க."

வாசக்காலின் உச்சியில், மாவிலைக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

"எந்த அம்மா?" என்றான் மகன்.

"என்னா சார், படிச்சவரு இப்பிடிக் கேக்கறீங்க? இவ்ளோ நீள சுருட்டை முடி, தலையில ரிப்பன், கூட மாடு வேற. லட்சுமி இல்லாம யாரு?"

காசில் இருப்பது ராஜாவின் முகம். பிரான்ஸில் அந்தக் காலத்து ராஜாக்கள் அப்படித்தான் முடி வளர்த்தார்கள். மகன் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டான். எனக்கோ மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"இப்பவே அவுத்துக் குடுங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"வெறும் துணியா விடக்கூடாதும்மா" என்று சொல்லிக்கொண்டே ஏறி, பதிலுக்கு ஒரு ரூபாயை முடிந்துவிட்டு, காசை என் கையில் வைத்தார். ராஜாவின் கன்னத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. சிமெண்ட் இல்லை, கீறல் இல்லை. பழைய காசைத் தேய்க்கக் கூடாது என்று கண்காட்சியில் சொல்லியிருந்ததால் தேய்க்கவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினேன். அப்புறம்தான் பசியே தெரிந்தது.

இலை போட்டதும் மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தே, கோவமா?"

"இல்லடி. இன்னும் ரெண்டு இட்லி வை. சட்னியை நல்லா ஊத்து."