வாய்க்குத் தனிமை

எங்கள் அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க் கடைக்காரன் தட்டைவடை என்ற பெயரில் ஓட்டாஞ்சல்லி விற்கிறான். திட்டிக்கொண்டே பத்தாவதைக் கடித்தேன்.

"அப்பா, பசிக்குதோ?" என்றாள் மகள்.

"இல்லை."

"உதுக்கு யப்பானியர் குச்சிசபிஷீ எண்டு சொல்லுவினம். பசியில்லை, வாய்க்குத் தனிமையாம். இங்கிலிஷில அதுக்குச் சொல்லே இல்லை."

அப்போது எனக்கு எட்டு வயது; நானும் அம்மாவும் முன்னரே இந்த நாட்டுக்கு வந்து டோர்செட் பார்க்கில் குடியிருந்தோம். முகம்கூட நினைவில்லாத அப்பா அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்தார். அம்மா அவருக்காகத் தட்டைவடை சுட்டு டின்னில் வைத்தார். விமானம் பிந்தியது. காத்திருந்த நேரத்தில் அத்தனையையும் தின்றுவிட்டேன்.

அப்பா வந்ததும் அம்மா டின்னைத் திறந்தார். வெறும் டின். வந்த மனுசனிடம் முதலில் வாங்கப்போவது அடிதான் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

அப்பா சிரித்தபடி கையிலிருந்த கடதாசிப் பையைக் கவிழ்த்தார். வடைத்தூள் மட்டும் கொட்டியது.

"உனக்கெண்டு கொண்டுவந்ததை நானும் பிளேனிலயே திண்டு முடிச்சிட்டன், மோனை."