முதல் பிடி

கடைத்தெருவில் சாவி தொலைத்தவர்கள் எல்லோரும் பூட்டுக்காரரைத்தான் தேடி வருவார்கள். ஊரார் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டே வயதாகிவிட்டது அவருக்கு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தன் வீட்டுக் கதவையும் வெளியிலிருந்து தானே திறக்க வேண்டியதாயிற்று. அதுதான் இன்னும் கைவரவில்லை.

அந்தப் பழைய கோயிலுக்கு எப்போதும் இருவருமாகத்தான் போவார்கள். தூண்களெல்லாம் கைபட்டுக் கைபட்டுத் தோளுயரத்துக்கு வழவழத்துப்போன கோயில். "கூட்டம் சாமிக்கா, சோத்துக்கா?" என்று அவள் கேலி செய்வாள். மடைப்பள்ளி விறகடுப்பில் வெந்து, சாமிக்குப் படைத்து, இலையில் வரும் வெல்லச் சோறு. அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பிடியை இன்னொருவர் கையில் கொடுக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

போன தடவை தனியாக வந்தவர், கொடுக்க ஆளில்லாமல் இலையை வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டில் மட்டும் யார் இருக்கிறார்கள்? சோறு ஊசிப்போனது. அதைக் குப்பையில் கொட்டியது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இன்று எப்படியாவது இங்கேயே கொடுத்துச் சாப்பிட்டுவிட வேண்டும்.

மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்த குடும்பத்திடம் தன் இலையோடு போனார். "அம்மா, இதுல ஒரு பிடி..."

"வேணாங்க, எங்களுக்கே மிச்சம் கெடக்கு," என்ற அந்தப் பெண், தன் பிள்ளையின் வாயைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

இலை பொறுக்கிக் கூட்டுகிற அம்மாளிடம் நீட்டினார். அவள் துடைப்பத்தைத் தூணில் சாய்த்தாள்.

"ஏண்ணே, ஒத்தையா வர்றவங்க எல்லாரும் எங்கிட்டதான் வர்றீங்க. வாங்கி வாங்கி வயிறு பானையாயிடுச்சு. இனி சாமியே ஊட்டினாலும் எறங்காது."

"அப்ப நான் என்னக்கா பண்றது?"

"கடைசித் தூணப் பாருங்க. கண்ணாடி போட்டவரு. அவரையும் இப்பத்தான் வெரட்டிவிட்டேன்."

கண்ணாடிக்காரர் ஆறிப்போன இலையோடு நின்றிருந்தார். பூட்டுக்காரர் எதிரே போய் நின்றதும் விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது. இருவரும் வலது கையைக் குவித்து நீட்டினார்கள். நீட்டியபடியே நின்றார்கள். யாரும் கொடுக்கவில்லை.

கண்ணாடிக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது. "உங்க வீட்டுலயும் அவங்கதான் மொதல்ல குடுப்பாங்களோ?"

"ஆமாங்க. நான் வாங்கியே பழகிட்டேன்."

"நானும்தான்."

கண்ணாடிக்காரர் கையை மடக்கவில்லை. பூட்டுக்காரர் தன் இலையைப் பிரித்தார். மேலாக எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் விரல்கள் சோற்றைக் கிளறி, அடியில் புதைந்திருந்த திராட்சையைத் தேடி எடுத்து, ஒரு பிடியில் வைத்துக் கொடுத்தன.

இத்தனை வருடமும் அவள் கையிலிருந்து தனக்கு வந்த பிடியில் திராட்சை தானாக வந்து விழுந்ததென்று அவர் நினைத்திருந்தார்.

பதிலுக்கு வந்த பிடியில் திராட்சை இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு, தன் இலையையும் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார். கண்ணாடிக்காரர் தலையசைத்துவிட்டு வேறு வாசலுக்குப் போனார். பூட்டுக்காரர் கை கழுவக் குழாயடிக்குப் போய், திறக்காமல், திராட்சையைத் தேடி எடுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.