வாயாடியின் கைகள்

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் அவள் வேலை பார்க்கும் ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் அங்கே எவ்வளவு கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. அதனால் எல்லாப் பெண்களும் கையால்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சை அவர்களுக்குப் பழக்கிவிட்டவளே இவள்தான். ஒரு விரிப்பை இஸ்திரி உருளைக்குள் தள்ளிவிட்டு, அது மறுபக்கம் வந்து விழுவதற்குள் மேலாளரின் புதுத் தலைச்சாயத்தைப் பற்றி ஒரு முழுக்கதை சொல்லிவிடுவாளாம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். உறவுக்கு நாத்தனார், ஆனால் நான் மனசுக்குள் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவள் கைப்பேச்சில் என் பெயர் சுருக்கிய மூக்கு. நான் எதிலும் குறை கண்டுபிடிப்பவளாம். அவள் தம்பியான என் வீட்டுக்காரரின் பெயர் வயிற்றுக்கு முன்னால் போடும் ஒரு பெரிய வட்டம். அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். கூடப் பிறந்தவருக்கு அந்தப் பேச்சில் சாப்பாடு, தண்ணீர், வா, போதும் என்ற நாலு சொல்லுக்கு மேல் தெரியாது. வாழ வந்த நான்தான் முழுசாகக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து உட்கார்ந்து கையை எடுத்தால், என் நாள் முழுக்கச் சேர்ந்த எரிச்சல் எல்லாம் போய்விடும்.

அப்படி இருந்த வீட்டில்தான் இவர் சுவரளவுக்கு ஒரு டிவியை வாங்கி மாட்டினார்.

"இனிமே ரிமோட்டைத் தேடி சோபாவைக் கவுக்க வேண்டாம். வாயால சொன்னா கேக்கும், கையைக் காட்டினாலும் கேக்கும்," என்றார்.

"இந்த வீட்டுல அது ஒண்ணாவது உங்க பேச்சைக் கேக்கட்டும்," என்றேன்.

அதுவும் கேட்கவில்லை. சமையலறை மிக்ஸி ஓடினால் அவர் குரல் அதற்கு எட்டாது. ஆனால் கைக்கு நன்றாகப் பழகியது. உள்ளங்கையை விரித்தால் படம் நிற்கும், விரலைச் சுழற்றினால் சத்தம் ஏறும், கையை வீசினால் சேனல் மாறும். திரையின் மூலையில் வெள்ளையாக ஒரு சின்னக் கைப்படம் இருக்கும். எதிரே கை தெரிந்தால் அது பச்சையாகும்.

ஒரு நாள் இவர் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அண்ணி பேச ஆரம்பித்தாள், டிவிக்குப் பேய் பிடித்தது. செய்தி ஓடியது, பாட்டு வந்தது, சத்தம் காதைப் பிளந்தது. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியாது, அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். இவர் எழுந்து, போதும் என்று அவளுக்குக் கையை விரித்துக் காட்டினார். அப்போதுதான் திரும்ப வந்திருந்த ஆட்டம் கோல் விழப்போகிற நொடியில் அப்படியே நின்றது. அந்தக் கோபத்தையும் அவள்மேல்தான் காட்டினார். அவள் இரண்டு கைகளையும் இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு அது கை இல்லீங்க, வாய். ரிமோட்டை எடுங்க," என்றேன்.

"அது பெட்டியோட பரண்ல கெடக்கு. கொஞ்ச நேரம் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன கொறைஞ்சுடும்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அதிலிருந்து அவள் கூடத்தில் பேசுவதை விட்டாள். அடுக்களைக்கு வாங்க என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. கையை அடக்கி உட்கார்ந்து திரையையே பார்ப்பாள்.

ஒரு ஞாயிறு மதியம். இவர் வெளியே போயிருந்தார். நான் கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணியின் கைகள் தொடைக்கடியில்தான் இருந்தன. என் கைகளோ முறத்துக்குள். திரையின் மூலையில் அந்தக் கைப்படம் பச்சையானது. பிறகு அதன் விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, லேசாகத் திரும்பின. எனக்கு அது புரிந்தது, அதுதான் பயமே. 'என்ன ஆச்சு?' என்று கேட்டது.

அண்ணி மெல்ல ஒரு கையை உருவி எடுத்தாள். எனக்குத் தெரியாதபடி உடம்பால் மறைத்து ஏதோ சொன்னாள். அவள் முடிக்கும்வரை அது காத்திருந்து, பிறகு பதில் சொன்னது. அவள் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே கேட்டறியாதவள், சிரித்தால் வீடே அதிரும். அதைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. நானோ கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் நான் கூப்பிட்டு டிவி மெக்கானிக் வந்தார். கைப்படம் அசைந்ததைச் சொன்னேன்.

"அசையாதுங்க. அது ஒரே படம். பச்சையாகும், வெள்ளையாகும், அவ்ளோதான்."

"நான் பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கைக்கட்டுப்பாட்டை நிறுத்தி, கையைப் பார்க்கும் டிவி கேமராமேல் கறுப்பு டேப்பை இரட்டையாக ஒட்டி, பரணிலிருந்து இறக்கிய ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

சாயங்காலம் இவர் அக்காவின் முன்னால் ரிமோட்டை ஆட்டிக் காட்டினார். இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசு என்று அவருக்கு வந்த அரைகுறை ஜாடையில் சொன்னார். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. அவள் தலையாட்டினாள். அவர் டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் அவள் பின்னால் நின்றேன். அணைந்த கறுப்புக் கண்ணாடியில் அவளும் நானும் தெரிந்தோம். அவள் கைகளை எடுத்துப் பேச ஆரம்பித்தாள், வெகு வேகமாக, பழைய வாயாடியாக. நடுவில் நிறுத்தி, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். மடியில் அவை அசையாமல் கிடந்தன. கண்ணாடிக்குள் கிடக்கவில்லை. அங்கே அவை பேசிக்கொண்டே இருந்தன. அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் டிவிக்கு முன்னால் நின்று அவளை மறித்தேன். "அண்ணி, என்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கறேன். என்னன்னாலும் என்கிட்ட சொல்லுங்க," என்று இரண்டு கையாலும் கெஞ்சினேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸில் வழியை அடைத்து நிற்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது," என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.