மூன்றாவது பேஸ் எங்கே இருந்தது?

போன வாரம் மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே நெரிசலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் ஒரு டெம்போ நிறைய ரப்பர் ஷீட். அந்தப் புளித்த, புகையேறிய வாடைக்கு ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டேன். என்ன செய்ய, எனக்கு அது சாஃப்ட்பால் வாடை.

சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளி மைதானத்தில், ஓடுகிறவள் மிதிக்க வேண்டிய பேஸ் என்று கிடந்ததெல்லாம் என்னோடு விளையாடிய ஷைனியின் அப்பா கொடுத்த ஷீட்தான். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விலை போகாமல் கறுத்துப்போன ஷீட்டுகளை மடித்துக் கட்டிக் கொடுத்தார். மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடிப்படையில் நாங்கள் கோ-கோ பிள்ளைகள். அதில் எங்களைவிடக் கெட்டிக்காரிகள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள். சாஃப்ட்பாலுக்குத்தான் ஆள் குறைவு. அதனால் பி.டி. டீச்சர் ஒரே நாளில் எங்களை சாஃப்ட்பால் டீம் ஆக்கிவிட்டார். விதிகள் அவருக்கே அரைகுறை. அடிக்கவும் பிடிக்கவும் வந்துவிட்டது, ஓடத்தான் வரவில்லை. பந்து தரையில் உருண்டால் ஓடலாம். மேலே போனால் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓடி, பந்தையும் எதிர் டீம் பிடித்துவிட்டால், திரும்பி வந்து பழைய பேஸைத் தொட வேண்டும், இல்லையென்றால் அவுட். கோ-கோவிலோ துரத்துகிறவள் பாதியில் திரும்பினால் ஃபவுல். வருஷக்கணக்கில் காலில் ஏறிய பழக்கம் அது. மூளை திரும்பு என்றாலும் கால் கேட்காது.

ஷைனிக்கு மிக மோசம். அவள்தான் எங்களில் வேகம். நிற்காமல் ஓடி அவுட்டாவதும் அவள்தான். மண்டலப் போட்டியில் ஜெயித்து சர்ட்டிபிகேட் வாங்கினால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி, இல்லையென்றால் கோட்டாற்றில் ஜவுளிக்கடை வேலை என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

“ஓடுனவ எதுக்குட்டி திரும்பணும்? எனக்கு வராது” என்று அழுதாள்.

ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குத் தாமதமாக வந்தாள். கேட்டதற்கு, “அப்பாக்க கூட வெட்டப் போனேன். வெட்டி முடிச்சா ஆச்சா? முதல் மரத்துக்குத் திரும்பி வந்து செரட்டையில வடிஞ்ச பாலெடுக்காண்டாமா?” என்றாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றிலிருந்து பேஸுக்குத் திரும்பு என்பதற்கு எங்கள் டீமில் “பாலெடு” என்று பேர்.

போட்டி எங்கள் மைதானத்தில்தான். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், எங்களுக்கு ஒரு அவுட். ஷைனி மூன்றாவது பேஸில். நான் அடித்த பந்து தென்னை உயரத்துக்குப் போனது. மட்டையின் சத்தத்துக்கே அவள் கிளம்பிவிட்டாள். தூரத்தில் நின்ற பிள்ளை பந்தைப் பிடித்துவிட்டது. “பாலெடுட்டி! பாலெடு!” என்று தொண்டை கிழியக் கத்தினோம். திரும்பினாள். ஷீட்டை மிதித்தாள். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள், மறுபடி, தொட்டால் ரன் கிடைக்கும் ஹோமைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டாள்!

எதிர் டீம், பந்தைப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தது. “ஏட்டி, நில்லு!” என்று அலறியவர்களில் நானும் உண்டு, பி.டி. டீச்சரும் உண்டு. அவள் வந்து சேர்ந்தாள். அம்பயர் இரண்டு கைகளையும் விரித்து சேஃப் என்றார். அந்த ஒரு ரன்னில் ஜெயித்துவிட்டோம். திரும்பித் தொட்டவள் அதன்பிறகு தாராளமாக ஓடலாம் என்ற மிச்ச விதி எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

“ஒனக்கு எப்பிடிட்டி தெரிஞ்சு?”

“எனக்கு என்ன தெரியும்? பாலெடுத்துட்டு அங்கயே நிக்க முடியுமா? அடுத்த மரத்துக்குப் போவாண்டாமா?”

ஷைனி கல்லூரிக்குப் போனாள். இப்போது மஸ்கட்டில் ஒரு பள்ளியில் அவளே பி.டி. டீச்சர். போன லீவுக்கு வந்தபோது மைதானத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். அங்கே இப்போது கல்யாண மண்டபம். நாங்கள் ஓடிய இடம் கார் நிறுத்துமிடம், முழுக்கச் சிமெண்ட் கல். அவள் அப்பா இல்லை. அவர் வெட்டிய தோட்டமும் வீட்டு மனையாகிவிட்டது.

“மூணாவது பேஸ் இங்கதானட்டி?” என்றாள்.

“இல்ல மக்கா, அந்தப் புளிமரத்துக்கு நேரே.”

புளிமரம் இருந்தால்தானே. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். அத்தனை நாள் மிதித்த இடம் இரண்டு பேருக்குமே நிச்சயமில்லை என்பது எனக்குத் தாங்க முடியவில்லை. ஷைனி செருப்பைக் கழற்றினாள். அவள் சொன்ன இடத்தை மிதித்தாள். நான் சொன்ன இடத்தையும் வந்து மிதித்தாள். பிறகுதான் காரில் ஏறினாள்.